அறுபது நாளுக்குள்ள கேளுங்க: தாய்லாந்தோட அடுத்த கேபினெட்டுக்கு சியாங் மாய்லேர்ந்து ஒரு திறந்த மடல்

2026 பிப்ரவரி 8 தேர்தலுக்கு அப்புறம் பொறுப்புக்கு வரப்போற பிரதமருக்கும் அமைச்சர்களுக்கும், கூடவே 200 செனட்டர்களுக்கும்,

நீங்க யாருன்னு இன்னைக்கு எனக்குத் தெரியாது, ஓட்டே இன்னும் போடல. யாரா இருந்தாலும் உங்க மேசைக்கு ஒரு ஃபைல் வரும், அதைப் பத்திதான் இந்த லெட்டர். சுத்தமான காற்றுக்கான சட்ட மசோதா, வருஷா வருஷம் பிப்ரவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் வயலும் காடும் எரிஞ்சு எங்க வடக்குத் தாய்லாந்தை மூடிக்கிற புகையைக் கட்டுப்படுத்தறதுக்கு. போன அக்டோபர்ல கீழ்சபை அதை பாஸ் பண்ணுச்சு, செனட்டுக்குப் போச்சு, அங்க வேலை முடியறதுக்குள்ள டிசம்பர் 12ஆம் தேதி சபையைக் கலைச்சுட்டாங்க, மசோதா பாதியில நிக்குது. உங்க 2017 அரசியல் சட்டத்தோட 147வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, தேர்தலுக்கு அப்புறம் பார்லிமெண்ட் முதல் தடவை கூடுற நாள்லேர்ந்து 60 நாளுக்குள்ள புது கேபினெட் கேட்டு, பார்லிமெண்டும் சரின்னு சொன்னாத்தான் அந்த மாதிரி பாதியில நின்ன மசோதாவுக்கு மறுபடி உயிர் வரும். நீங்க கேக்கலன்னா அது அவ்வளவுதான். யாரும் எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியதுகூட இல்ல, சும்மா இருந்தாலே போதும், தானா செத்துரும். அந்த சும்மா இருக்கறதைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

நான் இந்தியாக்காரி, திண்டுக்கல் பக்கம். 2016லேர்ந்து சியாங் மாய்ல இருக்கேன், ஒரு ஸ்கூல்ல மேத்ஸ் சொல்லித் தர்றேன், பசங்க என்னைய "க்ரூ"ன்னு கூப்பிடுவாங்க, எங்க ஊர் "குரு"தான் அது. வரி கட்டுறேன், ஒர்க் பெர்மிட் இருக்கு, 90 நாளைக்கு ஒரு தடவை நான் எந்த வீட்டுல இருக்கேன்னு இமிக்ரேஷனுக்கு ரிப்போர்ட் பண்றேன். ஓட்டு கிடையாது, அதை நான் கேக்கவும் இல்ல. இந்த லெட்டரைத் தமிழ்ல எழுதுறேன், ஏன்னா மனசுல இருக்கறது இந்த மொழியிலதான் முழுசா வெளிய வரும், தாய்ல மாத்திக் கொடுக்க ஒரு ஃப்ரெண்ட் ஒத்துக்கிட்டாங்க, அந்தக் காப்பிதான் உங்களுக்கு வரும்.

வெளிநாட்டுக்காரங்க இந்த நாட்டு விஷயத்துல வாயைத் திறக்க ரொம்ப யோசிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். போன வருஷம் ஏப்ரல்ல பிட்சனுலோக்குல ஒரு அமெரிக்கப் பேராசிரியரைப் பிடிச்சு, அரச குடும்பத்தை அவமதிச்சார்னு கேஸ் போட்டு விசாவையும் ரத்து பண்ணாங்க, கேஸ் அப்புறம் கைவிடப்பட்டுச்சு, ஆனா அவர் நாட்டை விட்டே போயிட்டார். அதுக்கப்புறம் எங்க ஸ்டாஃப் ரூம்ல அரசியல் பேச்சு வந்தா எல்லாரும் டீ கப்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். நான் எழுதுறது அந்த மாதிரி விஷயம் இல்ல, காத்தைப் பத்தி எழுதுறேன். இருந்தாலும் பேரை எழுதாமத்தான் முடிக்கப் போறேன், அதுக்கு மன்னிச்சுக்கோங்க.

என் பையன் இங்கதான் பொறந்தான், 2018 நவம்பர்ல. பாஸ்போர்ட் இந்தியா, மூச்சு மட்டும் இந்த ஊரு. அவனோட முதல் மார்ச் மாசத்துல அவனுக்கு நாலு மாசம், அந்த 2019 மார்ச்ல இங்க புகை எப்படி இருந்துச்சுன்னு சியாங் மாய்ல இருந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது. காலைல ஜன்னலைத் திறந்து காத்து வரட்டும்னு தொட்டிலை ஜன்னல் பக்கத்துல போட்டேன், எங்க ஊர்ல அப்படித்தான செய்வோம். அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "என்னடி அங்க இன்னும் பனி விலகலையா"ன்னு கேட்டாங்க, மணி பதினொண்ணு. அது பனி இல்லன்னு எனக்கே அன்னைக்கு சாயங்காலம் பக்கத்து வீட்டு பா வந்து ஜன்னலைச் சாத்திட்டுத் திட்டினப்பதான் புரிஞ்சது. (பா-ன்னா இங்க பெரியம்மா மாதிரி, வயசுல மூத்த எந்தப் பொம்பளையையும் அப்படித்தான் கூப்பிடணும்.) "ஃபுன், ஃபுன்"னு சொல்லிக்கிட்டே ஈரத்துணியைக் கதவுக்கு அடியில வச்சாங்க. ஃபுன்னா தூசி. நான் இந்த ஊர்ல கத்துக்கிட்ட முதல் இருபது முப்பது தாய் வார்த்தையில அது ஒண்ணு.

இப்போ அவனுக்கு ஏழு வயசு. பிப்ரவரி பொறந்துட்டா தினமும் காலைல எந்திரிச்சதும் அவன் கேக்கற முதல் கேள்வி, "அம்மா, இன்னைக்கு மலை இருக்கா?" எங்க மாடியிலேர்ந்து பாத்தா தோய் சுதேப் மலை நேரா தெரியும், அதோட சரிவுல கோயிலோட தங்கக் கோபுரம் வெயில்ல மின்னும். புகை மாசத்துல அது இருக்காது. கோயில் மட்டும் இல்ல, 1600 மீட்டருக்கு மேல உசரமான ஒரு முழு மலையே இருக்காது. மலை இல்லன்னா அன்னைக்கு விளையாட்டு இல்லன்னு அவனுக்குத் தெரியும், ஸ்கூல்ல என்ன கலர் கொடி ஏத்தியிருப்பாங்கன்னும் தெரியும், ஆரஞ்சுன்னா பி.டி. பீரியட் உள்ள, சிவப்புன்னா யாரும் வராண்டாவுக்குக்கூட வரக்கூடாது. ஏழு வயசுப் பையன் காத்துல கலந்த நுண்தூசியை PM2.5-ன்னு சரியா சொல்றான், அது தலைமுடியை விட எத்தனை மடங்கு சின்னதுன்னு எனக்கே பாடம் எடுக்கறான். அதைக் கேட்டு எனக்குப் பெருமையா இல்ல, வயிறு எரியுது.

2024 மார்ச்ல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு தலகாணி ஈரமா இருக்கேன்னு லைட்டைப் போட்டா ரத்தம், மூக்குலேர்ந்து. அடுத்த நாலு நாள்ல மூணு தடவை அப்படி ஆச்சு, அப்புறம் வீசிங், ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்க நெபுலைசர் ரூம்ல உக்கார இடம் இல்ல, வரிசையா குழந்தைங்க மூக்குல மாஸ்க் மாட்டிக்கிட்டு அம்மா மடியில, எல்லா மெஷினும் ஒண்ணா இரையுது. என் பக்கத்துல உக்காந்திருந்த அம்மா சந்தையில காய்கறி விக்கிறவங்க, அவங்க வீட்டுல ஏர் ப்யூரிஃபையர் கிடையாது, வாங்கினாலும் மரவீட்டுல பலகைச் சந்து வழியா எல்லாம் உள்ள வந்துரும்னு சொன்னாங்க. எங்க வீட்டுல ரெண்டு மெஷின் இருக்கு, ஜன்னல் ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருக்கோம், ஃபில்டரை மாத்தறப்ப வெள்ளையா இருந்தது அடுப்புக்கரித் துணி மாதிரி ஆயிருக்கும். அதாவது இந்த ஊர்ல நல்ல மூச்சுக்கும் காசு வேணும்னு ஆகிப்போச்சு. என்னால முடியுது, அந்த அம்மாவால முடியல, ரெண்டு குழந்தையும் ஒரே ரூம்லதான் கிடந்துச்சு.

நான் சொல்றதை நம்ப வேணாம், உங்க அரசோட கணக்கையே எடுத்துக்கோங்க. 2023ல மட்டும் காத்து மாசு சம்பந்தப்பட்ட நோய்க்கு ஒரு கோடிப் பேருக்கு மேல சிகிச்சை எடுத்தாங்கன்னு உங்க தேசிய பொருளாதார சமூக வளர்ச்சிக் கவுன்சிலே சொன்னது. நாட்டு ஜனத்தொகை ஆறரைக் கோடி சொச்சம். ஒரு கன மீட்டர் காத்துல அந்த PM2.5 தூசி 24 மணி நேர சராசரி 37.5 மைக்ரோகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு 2023 ஜூன்லேர்ந்து உங்க சட்டமே சொல்லுது, அதுக்கு முன்னாடி 50 இருந்துச்சு, குறைச்சீங்க, நல்லது. உலக சுகாதார நிறுவனம் சொல்றது 15. எங்க சோய் (சந்து) முனையில யூனிவர்சிட்டிக்காரங்க வச்ச டஸ்ட்பாய்ங்கற தூசி மீட்டர் ஒண்ணு இருக்கு, அந்த ரத்தம் வந்த வாரத்துல அதுல 180க்குக் கீழ இறங்கி நான் பாக்கல.

அதே 2024 மார்ச்லதான் சியாங் மாயை பேரிடர் மண்டலமா அறிவிங்கன்னு கேட்டப்போ, சுற்றுலா பாதிக்கும்னு சொல்லி அப்போதைய பிரதமர் ஸ்ரெத்தா மறுத்துட்டார். நான் அதை நியூஸ்ல படிச்சது ஆஸ்பத்திரி பெஞ்ச்ல உக்காந்து. டூரிஸ்ட் வர்றதுல இந்த ஊர் பொழைக்குதுன்னு எனக்குத் தெரியும், எங்க தெருவுலயே நாலு கெஸ்ட் ஹவுஸ் இருக்கு, அதுல ஒண்ணை நடத்துற அண்ணன்தான் அன்னைக்கு எங்களை வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆனா அறிவிக்கலன்னா டூரிஸ்ட் மூக்குக்குப் புகை தெரியாமப் போயிருமா? அந்த அண்ணன்கிட்ட கேட்டேன், மார்ச்ல அவர் ரூம் எப்படியும் காலிதான், போன் எடுத்தாலே ஜனங்க ஆப்ல நம்பரைப் பாத்துடறாங்க. அப்போ மறைச்சதுல யாருக்கு லாபம்? பேரிடர்னு அறிவிச்சிருந்தா நிதி சீக்கிரம் இறங்கியிருக்கும், கிராமத்துக்கு மாஸ்க் போயிருக்கும், அந்தக் காய்கறிக்கார அம்மா குழந்தை படுக்க ஒரு தூசியில்லாத ரூமாவது கிடைச்சிருக்கும்.

கோர்ட்டும் சொல்லிப் பாத்துருச்சு. 2023ல வடக்கு மாகாண மக்கள் கேஸ் போட்டாங்க, 2024 ஜனவரியில சியாங் மாய் நிர்வாக நீதிமன்றம் பிரதமரும் தேசிய சுற்றுச்சூழல் வாரியமும் 90 நாளுக்குள்ள அவசரத் திட்டம் போடணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அந்த 90 நாளைப் படிச்சதும் எனக்கு என் 90 நாள்தான் ஞாபகம் வந்துச்சு. நான் ரிப்போர்ட் பண்ணலன்னா 2,000 பாட் அபராதம், ஒரு தடவை பையனுக்கு உடம்பு சரியில்லாம தேதியை விட்டுட்டேன், கவுண்டர்ல எதுவும் பேசாம கட்டிட்டு வந்தேன், சட்டம்னா சட்டம்தான். அதே மாதிரி கோர்ட் கொடுத்த 90 நாளும் நாளுதானே? தீர்ப்பு வந்து ரெண்டு மாசத்துல வந்த மார்ச்லதான் என் பையன் தலகாணியில ரத்தம்.

2023 தேர்தலுக்கு அப்புறம் மூணு பிரதமரை நான் பாத்துட்டேன். ஸ்ரெத்தாவை 2024 ஆகஸ்ட்ல அரசியல் சாசன நீதிமன்றம் பதவியிலேர்ந்து நீக்குச்சு, அடுத்து வந்த பேதோங்தார்ன் ஒரு வருஷத்துல, 2025 ஆகஸ்ட்ல அதே மாதிரி போனாங்க, செப்டம்பர்ல அனுதின் வந்தார், டிசம்பர்ல சபையைக் கலைச்சார். அந்தத் தேர்தல்ல ஜெயிச்சு முதல்ல வந்த கட்சியையே 2024 ஆகஸ்ட் 7ஆம் தேதி கலைச்சுட்டாங்க. இதுல எது சரி எது தப்புன்னு நான் சொல்ல வரல, அது உங்க ஜனங்களோட உரிமை. எனக்குத் தெரியறது ஒண்ணுதான், ஒவ்வொரு தடவை அரசு மாறும்போதும் புகைக்கு ஒரு புது கமிட்டி, புது போட்டோ, மாஸ்க் போட்ட ஒரு புது அமைச்சர் மலையடிவாரத்துல வந்து நிக்கிறார், மே மாசம் மழை பெய்யுது, எல்லாரும் மறந்துடறாங்க. அரசு மாறினாலும் மாறாம நிக்கணும்னா அது சட்டமாத்தான் இருக்கணும். அதனாலதான் இந்த மசோதா.

அது யாரோ ஒரு கட்சி எழுதினது இல்ல. 2024 ஜனவரியில கீழ்சபை ஏழு டிராஃப்ட்டை ஒண்ணா எடுத்துச்சு, அரசோடது, எதிர்க்கட்சியோடது, கூடவே 22,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டு ஜனங்களே கொண்டுவந்த டிராஃப்ட்டும். சண்டை போட்டுக்கிட்டு இருக்கற கட்சியெல்லாம் ஒரே மேசையில உக்காந்து கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் வேலை பாத்த விஷயம், இந்த நாட்டுல கடைசியா எப்போ அப்படி நடந்துச்சுன்னு சொல்லுங்க. அந்தக் கையெழுத்துல எங்க ஸ்கூல் சமையல்காரங்க ரெண்டு பேரோடதும் இருக்கு, ஐடி கார்டு ஜெராக்ஸ் எடுக்க என்கிட்டதான் வந்தாங்க. நான் கையெழுத்துப் போட முடியாது, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

இனி மலையில இருக்கற விவசாயியைப் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா புகைன்னா டிவியில உடனே காட்டறது அவங்களைத்தான். பா-வோட தம்பி மே ச்சேம்ல மக்காச்சோளம் போடறார், 2022 டிசம்பர்ல அறுப்புக்கு எங்களையும் கூட்டிட்டுப் போனாங்க. அந்தச் சரிவைப் பாத்தா நிக்கவே பயமா இருக்கும், கொடைக்கானல் போற வழியில தெரியுமே அந்த மாதிரிச் செங்குத்து, அதுல வரிசையா சோளத்தட்டை. இதை எரிக்காம வேற என்ன பண்ணலாம்னு நான்தான் கேட்டேன், டீச்சர் புத்தி. அவர் கோபப்படல. டிராக்டர் இங்க ஏறாது, ஆளை வச்சு வெட்டி அள்ளினா கூலிக்கே விளைச்சல் காசு போயிரும், மழைக்கு முன்னாடி அடுத்த வெதை போடணும், விவசாய பேங்க் கடன் தவணை இருக்கு, விதையும் உரமும் கடனா கொடுத்த வியாபாரிக்கு சோளத்தைக் கொடுத்தாகணும்னு ஒவ்வொண்ணா விரலை மடக்கிச் சொன்னார். அப்புறம் "க்ரூ, என் பேத்தியும் இந்தப் புகையத்தான் குடிக்குது"ன்னார். அந்தச் சோளம் எங்க போகுது? கோழித் தீவனம், பன்னித் தீவனம், அது நானும் நீங்களும் வாங்கற முட்டையும் கறியுமா திரும்பி வருது. தீக்குச்சி கிழிக்கிறவர் கை தெரியுது, அந்தச் சோளத்தை வாங்கற கை தெரிய மாட்டேங்குது. எரிக்கத் தடைன்னு ஆர்டர் போட்டா அவரை மட்டும்தான் பிடிக்க முடியும், அவர் ஜெயிலுக்குப் போவார், சோளம் அப்பவும் அதே லாரியில ஏறும்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். மியான்மரோட ஷான் மாநிலத்துலயும் வடக்கு லாவோஸ்லயும் எரிச்சா காத்து இந்தப் பக்கம் கொண்டுவருது, இந்த ஊர் கிண்ணம் மாதிரி சுத்தி மலை, வந்த புகை வெளிய போக வழி இல்லாம படுத்துக்குது. அங்க விளையற சோளத்துல ஒரு பங்கு தீவனத்துக்காக இந்த நாட்டுக்குத்தான் வருது. எரிச்சு விளைஞ்ச சோளத்தை இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு இந்த ஜனவரியிலேர்ந்து ரூல் கொண்டுவந்திருக்கீங்க, மனசாரப் பாராட்டுறேன். ஆனா சர்டிஃபிகேட் பேப்பர்ல இருந்தாப் போதுமா, சேட்டிலைட்ல தீப் புள்ளி தெரியுதே அந்த நிலத்தோட அதை ஒத்துப் பாப்பீங்களா? சிங்கப்பூர் 2014லயே எல்லை தாண்டி வர்ற புகைக்குன்னு தனிச் சட்டம் போட்டு, வெளிநாட்டுல எரிச்சாலும் அதுக்குக் காரணமான கம்பெனியைக் கேள்வி கேக்கலாம்னு கொண்டுவந்துச்சு. உங்க மசோதாவுலயும் எல்லை தாண்டின புகைக்குப் பொறுப்பு வருது, அதுதான் அதோட உயிர்நாடி. தொழில் தரப்புலேர்ந்து இதை இளக்கச் சொல்லி அழுத்தம் வரும். அந்தப் பக்கத்தை எடுத்துட்டு மிச்சத்தை பாஸ் பண்ணினா மறுபடி பா-வோட தம்பி மட்டும்தான் மாட்டுவார்.

மனசு வச்சா முடியும்னு நீங்களே காட்டியிருக்கீங்க. 2025 ஜனவரியில எரிச்ச கரும்பை அளவுக்கு மீறி வாங்குச்சுன்னு உடோன் தானியில ஒரு சர்க்கரை ஆலையையே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சாங்க, விவசாயியைப் பிடிக்கறதுக்குப் பதிலா வாங்கறவனை நிறுத்துனது அப்போதான் நான் பாத்தேன். அதே மாசம் பேங்காக்ல புகை வந்தப்போ 350 ஸ்கூலுக்கு மேல லீவ் விட்டாங்க, ஒரு வாரம் ரயிலும் பஸ்ஸும் இலவசம்னு அறிவிச்சாங்க. பேங்காக் குழந்தைங்களுக்கு அது கிடைச்சதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா எங்க ஊருக்குள்ள இலவசம்னு விட ரயிலே இல்லையே, சிவப்பு சோங்தேவ்தான், பின்பக்கம் திறந்த ஷேர் வண்டி, புகை மாசத்துல எங்க ஸ்கூல் பசங்க பாதிப் பேர் அதுலதான் வர்றாங்க.

காட்டுத் தீயை அணைக்கப் போறவங்களைப் பத்தி யாருமே பேசறது இல்ல. காட்டுல மார்ச் மாசம் இலை உதிர்ந்து சருகு முழங்கால் அளவு கிடக்கும், ஊர்க்காரங்களே கூடி அதைக் கூட்டித் தீத்தடுப்புப் பாதை போடறாங்க, கையில விளக்குமாரும் முதுகுல காத்தடிக்கிற மெஷினும், கால்ல ரப்பர் செருப்பு. எங்க ஸ்கூல் வாட்ச்மேன் அண்ணன் லீவ் நாள்ல போவார். போன சீசன்ல பாறை உருண்டு கால் முறிஞ்சு ரெண்டு மாசம் வேலைக்கு வரல, பெட்ரோலே சொந்தக் காசு, இன்சூரன்ஸ்னு ஒண்ணு கிடையாது. நாங்க ஸ்டாஃப் எல்லாம் சேந்து கொஞ்சம் பணம் கொடுத்தோம். அது நாங்க கொடுக்க வேண்டிய பணமா?

சியாங் மாய்ல ஒரு இளம் டாக்டர் இருந்தார், சிகரெட் தொடாதவர், உடற்பயிற்சி விடாம செய்யறவர், 28 வயசுல லங் கேன்சர் கடைசி ஸ்டேஜ்னு தெரிஞ்சுது, தன் நோயைப் பத்தியே எழுதி நாடு முழுக்க ஜனங்களைப் படிக்க வச்சார், 2023 டிசம்பர்ல போயிட்டார். ஒரு ஆளுக்கு வந்த கேன்சருக்கு இந்தப் புகைதான் காரணம்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா அவர் போன அன்னைக்கு இந்த ஊர்ல குழந்தை வச்சிருக்கற ஒவ்வொரு வீட்டுலயும் ஒரே கேள்விதான் ஓடுச்சு, அந்தக் கேள்வி எனக்கு இன்னும் நிக்கல.

"பிடிக்கலன்னா உங்க நாட்டுக்குப் போ"ன்னு சொல்றவங்க இருக்காங்க, டெல்லியைப் பாத்துட்டு வந்து பேசுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. டெல்லி மோசம்தான், அங்க இருக்கறவங்க அங்க கேக்கட்டும், கேக்கறாங்க. என் ஊர்க்காரங்களை இங்க "கேக்"னு சொல்லுவீங்க, பேங்காக் சீலோம்ல எங்க தமிழ் ஆளுங்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே கட்டின மாரியம்மன் கோயிலை நீங்க "வாட் கேக்"னுதான் சொல்றீங்க. அந்த வார்த்தைக்கு விருந்தாளின்னும் அர்த்தம் உண்டு. விருந்தாளி வீட்டுக்காரங்க சண்டையில தலையிடக் கூடாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனா வீட்டுல புகை மண்டுது, வீட்டுக்காரங்க குழந்தை இருமுதுன்னா எந்த விருந்தாளியும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டா. பா-வுக்கு இப்போ 71 வயசு, என் பையனுக்கு அவங்கதான் பாட்டி, ராத்திரி அவங்க இருமறது எங்க சுவர் வழியா கேக்கும். அவங்களை விட்டுட்டு எந்த நாட்டுக்குப் போறது?

நான் கேக்கறது இதுதான். கேபினெட் பதவியேத்து நடக்கற முதல் கூட்டத்துலயே சுத்தக் காற்று மசோதாவை மறுபடி எடுக்கச் சொல்லி பார்லிமெண்டுக்குக் கடிதம் கொடுங்க, 60வது நாள் வரைக்கும் காத்திருக்க வேணாம், அதுக்குள்ள ஏப்ரல் முடிஞ்சு மழை வந்துரும், மழை வந்தா எல்லாருக்கும் மறந்துரும். செனட்டர்களே, கீழ்சபை அனுப்பினதுல எல்லை தாண்டின புகைக்கான பொறுப்பையும் காற்றுக்கான நிதியையும் கழிச்சுடாதீங்க, சந்தேகம் இருந்தா பேங்காக்ல உக்காந்து பேசாம மார்ச்ல ஒரு வாரம் இங்க வந்து தங்கி, மே ச்சேம் சரிவுல ஏறிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. எந்தத் தீவனக் கம்பெனி எந்த மாவட்டத்துல, எந்த நாட்டுல எவ்வளவு சோளம் வாங்குது, அந்த நிலத்துல தீ இருந்துச்சா இல்லையான்னு வருஷா வருஷம் யார் வேணா பாக்கற மாதிரி வெளியிடுங்க. சரிவுல சோளத்தை விட்டுட்டு காப்பி, மூங்கில், பழமரம்னு மாற நினைக்கிறவருக்கு மரம் காய்க்கிற வரைக்கும் மூணு நாலு வருஷம் கடன் தவணையைத் தள்ளி வையுங்க, அது இல்லாம "எரிக்காதே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. தீயணைக்கப் போற ஊர்க்காரங்களுக்கு சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பூட்ஸ், மாஸ்க், தினக்கூலி, இன்சூரன்ஸ் கொடுங்க. எல்லா அரசுப் பள்ளியிலயும் குழந்தை காப்பகத்துலயும் தூசியில்லாத ஒரு ரூம் வேணும், பணம் கட்டிப் படிக்கற ஸ்கூல்ல மட்டும் இருந்தாப் போதாது. மீட்டர்ல இந்த நம்பர் இத்தனை நாள் தாண்டினா பேரிடர்னு தானா அறிவிக்கப்படணும்னு எழுதி வச்சுருங்க, அதை ஒரு பிரதமரோ கவர்னரோ டூரிஸ்ட்டை நினைச்சு யோசிக்கற விஷயமா விடாதீங்க.

என்னோட அடுத்த 90 நாள் ரிப்போர்ட் ஏப்ரல் 20. வழக்கம்போல வந்து நான் எங்க இருக்கேன்னு சொல்லிட்டுப் போவேன். அதுக்கு முன்னாடி மசோதா எங்க இருக்குன்னு, எந்தத் தேதியில பார்லிமெண்டுக்கு வருதுன்னு நீங்க எல்லாருக்கும் சொல்லணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
சியாங் மாய்ல ஒரு க்ரூ, ஏழு வயசுப் பையனோட அம்மா
2026 ஜனவரி